விமான வடிவமைப்பும் பயணப் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப் பொறியியலின் அடிப்படை எண்ணம் ஒன்றுதான். எந்தப் பாகமும் என்றாவது ஒரு நாள் பழுதாகும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அது பழுதான பிறகும் விமானம் பத்திரமாகத் தரையிறங்க வழி வைத்திருக்க வேண்டும் என்பதே அது. அந்த எண்ணம் எங்கெல்லாம் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது, எங்கெல்லாம் தவறவிடப்பட்டது என்பதைக் கீழே உள்ள பதில்களில் காணலாம்.

ஐந்நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள விமானத்தைக் காற்று எப்படித் தாங்குகிறது?

ஏர்பஸ் ஏ380 விமானம் ஏறத்தாழ 575 டன் எடையுடன் புறப்படக்கூடியது. அந்த எடை முழுவதையும் சுமப்பது இறக்கை. காற்றைச் சற்றே சாய்ந்த கோணத்தில் எதிர்கொள்ளும் இறக்கை, தன்னைக் கடந்துசெல்லும் பெருமளவு காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. அதற்கு எதிர்விசையாக இறக்கை மேலே தூக்கப்படுகிறது. இதையே அழுத்தக் கணக்காகவும் சொல்லலாம்: மேற்பரப்பில் காற்று விரைந்து ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைகிறது, கீழ்ப்பரப்பில் அழுத்தம் கூடுதலாக நிற்கிறது. இவை ஒரே நிகழ்வைச் சொல்லும் இரண்டு கணக்குகள் என்பதால், எது சரி என்ற வாதத்துக்கே இடமில்லை. ஆனால் மேலே செல்லும் காற்றும் கீழே செல்லும் காற்றும் இறக்கையின் பின்விளிம்பை ஒரே நேரத்தில் அடைந்தாக வேண்டும் என்று பாடப் புத்தகங்களில் இன்னும் உலவும் விளக்கம் தவறானது. காற்றுச் சுரங்கத்தில் புகையைச் செலுத்திப் பார்த்தால், மேலே செல்லும் காற்று முன்னதாகவே சென்றுவிடுவது கண்ணுக்குத் தெரியும்.

இறக்கையின் சாய்கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், காற்று மேற்பரப்பை ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடும், தூக்குவிசையும் சரிந்துவிடும். இந்நிலையை ஸ்டால் என்பார்கள். என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் இது நேரலாம் என்பதால், விமானக் கட்டுப்பாட்டு வடிவமைப்பில் பெரும்பகுதி இதைத் தவிர்ப்பதற்கே செலவாகிறது.

ஜன்னல் வழியே பார்த்தால் இறக்கை மேலும் கீழும் வளைகிறதே, ஒடிந்துவிடாதா?

வளைவதற்காகவே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. வளையாத இறக்கை செய்ய வேண்டுமானால் அது மிகவும் கனமாக இருக்கும். காற்றின் ஒவ்வோர் உலுக்கலையும் அப்படியே உடற்பகுதிக்குக் கடத்தும்.

ஒரு விமானம் தன் வாழ்நாளில் சந்திக்கக்கூடிய மிகப் பெரிய சுமை எவ்வளவு என்று முதலில் கணக்கிடுகிறார்கள். பெரிய பயணிகள் விமானங்களுக்கு, இது விமானத்தின் எடையைப் போல் குறைந்தது இரண்டரை மடங்கு. அந்தச் சுமையில் இறக்கைக்கு நிரந்தரமான உருமாற்றம் எதுவும் நேரக் கூடாது. அதைப்போல் ஒன்றரை மடங்கு சுமையை ஏற்றினாலும், குறைந்தது மூன்று விநாடி உடையாமல் நிற்க வேண்டும். 1995 ஜனவரியில் போயிங் 777 விமானத்தின் இறக்கையை வேண்டுமென்றே ஒடியும்வரை இழுத்துச் சோதித்தபோது, அது ஏழு மீட்டருக்கும் மேல் வளைந்த பிறகு, கணக்கிட்ட உச்சச் சுமையின் 154 விழுக்காட்டில் உடைந்தது. 2006 பிப்ரவரியில் ஏ380 இறக்கை 1.5 மடங்கை எட்டுவதற்குச் சற்று முன்பே, 1.45 மடங்குக்கு அருகில் உடைந்தது. நிறுவனம் அந்தப் பகுதியை வலுப்படுத்தியது.

முதலாவதைவிட இரண்டாவது சோதனையே பொறியியலை நன்றாக விளக்குகிறது என்பது என் எண்ணம். தேவைக்கு மேல் வலுவாகச் செய்வது யாராலும் முடியும். ஆனால் தேவையற்ற ஒவ்வொரு கிலோவையும் அந்த விமானம் பல ஆண்டுகள் சுமந்து பறக்க வேண்டியிருக்கும். எனவே எல்லைக்கு மிக அருகில் வடிவமைத்து, அந்த எல்லையைச் சோதித்தே உறுதிப்படுத்துகிறார்கள்.

விமான ஜன்னல்கள் ஏன் வட்டமான மூலைகளுடன் இருக்கின்றன?

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான டி ஹேவிலண்ட் காமெட், 1952 மே மாதம் லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் நகருக்குச் சேவையைத் தொடங்கியது. 1954 ஜனவரியில் ஒரு காமெட் இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகிலும், ஏப்ரலில் இன்னொன்று நேப்பிள்ஸுக்குத் தெற்கிலும் நடுவானில் சிதறிக் கடலில் விழுந்தன. காரணத்தை அறிய, பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் ஒரு முழு காமெட் உடற்பகுதியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, பறக்கும்போது நிகழ்வதைப் போலவே அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள். காற்றை நிரப்பியிருந்தால் உடையும்போது வெடித்துச் சிதறித் தடயங்கள் அழிந்திருக்கும். தண்ணீர் அவ்வளவாகச் சுருங்காது என்பதால் விரிசல் தொடங்கிய இடம் அப்படியே கிடைத்தது. அது திறப்பு ஒன்றின் மூலை. கணக்கில் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான தகைவு (உலோகத்தின் உள்ளே எழும் விசை) அங்கே குவிந்திருந்தது.

ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒடியாது, மாற்றி மாற்றி வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிந்துவிடும். உயரே ஏறும்போது உள்காற்றின் அழுத்தத்தால் உப்பி, இறங்கும்போது பழைய நிலைக்குத் திரும்பும் உடற்பகுதியிலும் அதே உலோகச் சோர்வு ஏற்படுகிறது. வட்டமான மூலை தகைவை ஓரிடத்தில் குவியவிடாமல் பரவச் செய்கிறது.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. விபத்துகளுக்கு முன்பே நிறுவனம் உலோகச் சோர்வுச் சோதனையை நடத்தியிருந்தது. அதில் விமானம் ஆயிரக்கணக்கான சுழற்சிகளைத் தாங்கியது. ஆனால் அதே மாதிரி உடற்பகுதிதான் அதற்கு முன்பு மிகையழுத்தச் சோதனைக்கும் உட்பட்டிருந்தது. அந்த மிகையழுத்தம் மூலைகளிலிருந்த உலோகத்தைச் சற்றே நீட்டி, சோர்வுக்கு எதிராக வலுப்படுத்திவிட்டது. சேவைக்கு வந்த விமானங்களுக்கு அந்த வலு இல்லை. ஒரு சோதனையின் எச்சம் அடுத்த சோதனையின் முடிவைப் பொய்யாக்கியது.

ஜன்னலில் இருக்கும் சிறு துளை எதற்கு?

ஜன்னலின் வெளிக்கண்ணாடியே அழுத்தத்தைத் தாங்குகிறது. நடுக்கண்ணாடி அதற்கு மாற்று. நடுக்கண்ணாடியில் உள்ள துளை, சுமை முழுவதும் வெளிக்கண்ணாடியின் மேல் விழும்படி அழுத்தத்தைச் சமன்செய்வதோடு, பனி படிவதையும் குறைக்கிறது. உங்கள் விரல் தொடும் உட்பலகை கீறல் விழாமல் காப்பதற்கு மட்டுமே.

இருபது ஆண்டு பழைய விமானத்தில் ஏறலாமா?

ஆண்டுகளைவிட, எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதே உடற்பகுதிக்கு முக்கியம். 1988 ஏப்ரல் 28 அன்று, ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானத்தின் மேற்கூரையில் ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட பகுதி 24,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. அதன் வயது 19 ஆண்டுகள். ஆனால் குறுகிய தூரச் சேவையில் அது 89,680 முறை பறந்திருந்தது. உப்புக் காற்றால் அரிப்பு, ஒட்டுப் பிரிந்த தகட்டு இணைப்புகள், வரிசையாக இருந்த பல ரிவெட் துளைகளில் ஒரே நேரத்தில் வளர்ந்த நுண்விரிசல்கள் ஆகிய எல்லாம் அங்கே சேர்ந்துவிட்டன. ஒரு விமானப் பணிப்பெண் உயிரிழந்தார். மற்ற அனைவருடனும் விமானம் தரையிறங்கியது.

அதற்கு முன்பே, 1977 மே மாதம் ஜாம்பியாவின் லுசாகாவில் ஒரு போயிங் 707 சரக்கு விமானம், வாலின் கிடைத்தகடு பிரிந்ததால் விழுந்திருந்தது. உள்ளே தாங்கும் தண்டுகளில் ஒன்று உடைந்தாலும் மற்றது தாங்கும் என்ற கணக்கில் அது வடிவமைக்கப்பட்டது. முதல் தண்டு உடைந்ததை யாரும் கவனிக்காவிட்டால், இரண்டாவதும் காலப்போக்கில் உடையும் என்பது கணக்கில் வரவில்லை. இதன் பிறகு, 1978 முதல் அமெரிக்க விதிகள், விரிசல் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, அது ஆபத்தான நீளத்தை அடைவதற்குள் குறைந்தது ஓர் ஆய்வில் கண்ணில் படும்படி ஆய்வு இடைவெளியை வகுக்க வேண்டும் என்று கோருகின்றன. சுழல்மின்னோட்டம், மீயொலி, எக்ஸ்ரே ஆகியவற்றைக் கொண்டு நடக்கும் பெரிய பராமரிப்புகளில் விமானத்தின் உட்புறத்தைப் பெரும்பாலும் கழற்றிவிட்டுத் தேடுகிறார்கள். ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட பழைய விமானம் ஆபத்தானது அன்று. பராமரிப்பு ஏடுகள் குழப்பமாக உள்ள புதிய விமானத்தைப் பற்றி நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

நடுவானில் என்ஜின் நின்றுவிட்டால் விமானம் விழுந்துவிடுமா?

விழாது. இரட்டை என்ஜின் விமானம், ஓடுதளத்தில் முடிவெடுக்கும் வேகத்தை (அதற்குப் பிறகு புறப்படுவதைக் கைவிட முடியாது) தாண்டிய பிறகு ஒரு என்ஜினை இழந்தாலும், மற்றொன்றைக் கொண்டு மேலேறியாக வேண்டும் என்பது சான்றிதழுக்கான நிபந்தனை. இரண்டும் நின்றாலும் விமானம் சறுக்கிப் பறக்கும்; பத்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வரை செல்ல முடியும். 2001 ஆகஸ்ட் 24 அன்று, அட்லாண்டிக்கின் மேல் எரிபொருள் கசிந்து இரண்டு என்ஜின்களும் நின்றுபோன ஏர் டிரான்சாட்டின் ஏ330 விமானம், 306 பேருடன் சுமார் 19 நிமிடம் சறுக்கி, அசோர்ஸ் தீவுகளில் தரையிறங்கியது. அனைவரும் உயிர் பிழைத்தனர். அத்தகைய நேரத்தில் விமானத்திலிருந்து தானாக வெளியே வரும் ஒரு சிறு காற்றாடி, எதிர்க்காற்றில் சுழன்று கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு வேண்டிய ஆற்றலைத் தருகிறது.

என்ஜின் நிற்பதைவிட அது சிதறுவதே பெரிய கவலை. எனவே முழு வேகத்தில் சுழலும் விசிறியின் ஓர் அலகை வெடிவைத்துப் பிரித்து, துண்டுகள் உறையை விட்டு வெளியேறவில்லை என்று காட்ட வேண்டும். பறவைகளை உட்செலுத்தும் சோதனையும் உண்டு.

இரட்டை என்ஜின் விமானங்கள் பெருங்கடலைக் கடக்க எப்படி அனுமதிக்கப்படுகின்றன?

முன்பு, ஒற்றை என்ஜினில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய விமான நிலையம் எப்போதும் அருகில் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. ஜெட் என்ஜின்களின் நம்பகத்தன்மை மெய்ப்பிக்கப்பட்ட பிறகு, 1985 இல் அந்த நேரம் 120 நிமிடமாகவும், பின்னர் 180 நிமிடமாகவும் நீட்டிக்கப்பட்டது. ஏ350 விமானம் 2014 இல் 370 நிமிடம் வரை ஒப்புதல் பெற்றது. இது விமான வகைக்கு மட்டும் தரப்படும் அனுமதி அன்று. அதை இயக்கும் நிறுவனத்தின் பராமரிப்பு முறையும் தனியாக ஆராயப்படுகிறது. குறிப்பாக, இரண்டு என்ஜின்களிலும் ஒரே வகை வேலையை ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்வது தவிர்க்கப்படுகிறது. ஒரே தவறு இரண்டிலும் நுழைந்துவிடக் கூடாது அல்லவா!

எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று மாற்றுகள் இருந்தும் விபத்துகள் எப்படி நடக்கின்றன?

பெரும்பாலும், தனித்தனி என்று எண்ணப்பட்ட மாற்றுகள் ஏதோ ஓரிடத்தில் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால்தான்.

1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோ சென்ற யுனைடெட் 232 விமானம், மூன்று என்ஜின்கள் கொண்ட டிசி-10. விமானத்தைத் திருப்பும் கட்டுப்பாட்டுத் தகடுகளை அசைக்க, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் இயங்கும்) அமைப்புகள் இருந்தன. மூன்றும் ஒருசேரச் செயலிழக்கும் வாய்ப்பு மிக மிக அரிது என்று கருதப்பட்டதால், அதற்கான வழிமுறை எதுவும் விமானிகளுக்குத் தரப்படவில்லை. ஆனால் மூன்றின் குழாய்களும் வாலில், நடு என்ஜினுக்கு அருகில் சென்றன. அந்த என்ஜினின் டைட்டேனியம் விசிறித் தட்டில், உலோகத்தை வார்த்தபோதே இருந்த ஒரு நுண்குறையிலிருந்து வளர்ந்த விரிசல் தட்டை வெடிக்கச் செய்தது. சிதறிய துண்டுகள் மூன்று குழாய்களையும் அறுத்தன. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸும் அவருடைய குழுவினரும், பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் விமானியான டெனிஸ் ஃபிட்சும் சேர்ந்து, மீதமிருந்த இரண்டு என்ஜின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மட்டுமே விமானத்தை அயோவா மாநிலத்தின் சூ நகரம்வரை கொண்டுவந்தனர். இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தனர்.

பிறகு அவ்வகை விமானங்களின் வாலில், திரவம் வேகமாக வெளியேறினால் குழாயை அடைத்து மற்ற பகுதிகளைக் காப்பாற்றும் தடுப்பு பொருத்தப்பட்டது. மனித உயிர்கள் பறிபோகும் அளவுக்குக் கடுமையான செயலிழப்பு, பறக்கும் ஒரு மணி நேரத்துக்கு நூறு கோடியில் ஒன்றுக்கு மேற்படக் கூடாது என்ற அளவுகோல் இன்றும் உண்டு. அந்தக் கணக்கு மாற்றுகள் உண்மையிலேயே ஒன்றையொன்று சாராமல் இருந்தால் மட்டுமே பொருந்தும்.

இப்போது விமானத்தை ஓட்டுவது கணினியா, விமானியா?

இருவரும். 1988 இல் சேவைக்கு வந்த ஏ320 முதல், பல விமானங்களில் விமானியின் கைப்பிடியிலிருந்து கட்டுப்பாட்டுத் தகடுகளுக்குக் கம்பி இணைப்பு செல்வதில்லை. கணினி அவருடைய எண்ணத்தைப் புரிந்து, மின்கட்டளையாக மாற்றுகிறது. ஏ320 இல் இரு வகைக் கணினிகள் வெவ்வேறு நிறுவனங்களால், வெவ்வேறு செயலிகளைக் கொண்டு செய்யப்பட்டன. ஒரே நிரல்பிழை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடக்காதிருக்கவே அந்த ஏற்பாடு. விமானி கைப்பிடியை முழுவதும் பின்னுக்கு இழுத்தாலும், வழக்கமான நிலையில் கணினி விமானத்தை ஸ்டால் நிலைக்குச் செல்லவிடாது. 2009 ஜனவரி 15 அன்று பறவைகள் மோதி இரு என்ஜின்களும் வலுவிழந்த ஏ320, ஹட்சன் ஆற்றில் இறங்கியபோது இந்தக் காப்பு உயிரோடு இருந்தது. கேப்டன் சல்லன்பர்கர் துணை மின்னாக்கியை உடனே இயக்கியதும் அதற்கு ஒரு காரணம். 155 பேரும் பிழைத்தனர்.

அதே ஆண்டு ஜூன் 1 அன்று, ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களில் பனித்துகள் அடைத்தது. வேக அளவுகள் முரண்பட்டதால் கணினி தானியங்கியை விடுவித்து, ஸ்டால் காப்பையும் நீக்கி, விமானத்தை விமானிகளிடம் ஒப்படைத்தது. குழப்பத்தில் மூக்கு உயர்த்தப்பட்டு, ஸ்டால் நிலையிலேயே விமானம் கடலில் விழுந்து 228 பேர் இறந்தனர். தானியங்கி நன்றாக ஓட்டும் காலத்தில் கையால் ஓட்டும் பழக்கம் தேய்கிறது; அது கைவிடும் நொடியோ மிகக் கடினமான நொடியாக இருக்கிறது. இந்தச் சிக்கலுக்கு வடிவமைப்பில் முழுமையான விடை இன்னும் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

போயிங் 737 மேக்ஸ் விபத்துகளில் தவறிய வடிவமைப்பு எது?

பெரிய என்ஜின்களை முன்னும் மேலுமாகப் பொருத்தியதால், உயர் சாய்கோணத்தில் விமானத்தின் கைப்பிடி உணர்வு மாறியது. அதை ஈடுகட்ட, மூக்கைத் தானாகக் கீழே இறக்கும் மென்பொருள் சேர்க்கப்பட்டது. விமானத்தில் சாய்கோணத்தை அளக்கும் சென்சார்கள் இரண்டு இருந்தும், அது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே நம்பியது. விமானி திருத்தினாலும் மீண்டும் மீண்டும் இயங்கியது. அதைப் பற்றிய விளக்கம் விமானிகளின் கையேட்டில் இல்லை. 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவில் 189 பேரும், 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் 157 பேரும் இறந்தனர். திருத்திய மென்பொருள் இரு சென்சார்களையும் ஒப்பிடுகிறது, முரண்பட்டால் விலகிக்கொள்கிறது, விமானியின் கையை மீறும் அளவுக்கு இயங்குவதில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 2020 நவம்பரில் மறு அனுமதி அளித்தது.

மின்னல் தாக்கினால் என்ன ஆகும்?

பெரும்பாலும், ஒரு பெரிய ஓசையும் தோலில் சிறு கருகலும். மின்னோட்டம் வெளித்தோல் வழியாகவே ஓடி வெளியேறிவிடும். எடையில் பாதி கார்பன் இழைக் கூட்டுப்பொருளால் ஆன போயிங் 787 போன்றவற்றில், அலுமினியம் போல் மின்சாரம் எளிதில் கடக்காது என்பதால், தோலுக்குள் மெல்லிய உலோக வலை பதிக்கப்படுகிறது.

1963 டிசம்பரில் அமெரிக்காவின் எல்க்டன் நகருக்கு அருகே மின்னலால் ஒரு 707 விமானத்தின் எரிபொருள் ஆவி தீப்பற்றி 81 பேர் இறந்தனர். தொட்டிகளின் மின்னல் காப்பு விதிகள் அதன் பிறகு இறுகின. 1996 ஜூலை 17 அன்று நியூயார்க் அருகே டிடபிள்யூஏ 800 விமானத்தின் நடுத்தொட்டி வெடித்ததற்கு மின்கம்பிக் கோளாறே பெரும்பாலும் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. அதுவரை பொறிகளைத் தடுத்தால் போதும் என்றிருந்த எண்ணம் அங்கே முடிந்தது. எல்லாப் பொறிகளையும் தடுக்க முடியாது என்று ஏற்று, தொட்டிக்குள் நைட்ரஜன் மிகுந்த காற்றைச் செலுத்தி, பொறி விழுந்தாலும் பற்றாதபடி ஆக்ஸிஜனைக் குறைக்கும் முறை 2008 இல் அமெரிக்காவில் விதியானது.

பறக்கும்போது ஒருவர் கதவைத் திறந்துவிட முடியுமா?

உயரத்தில் முடியாது. உள்ளழுத்தம் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஐந்து டன்னுக்கும் மேற்பட்ட விசையுடன் கதவைச் சட்டத்தில் அழுத்திப் பிடிக்கிறது. தரைக்கு மிக அருகில் அந்த வேறுபாடு இல்லாததால் சில வகைக் கதவுகள் திறக்கக்கூடும். 2023 மே மாதம் தென்கொரியாவில் தரையிறங்கும் தறுவாயில் அப்படி ஒன்று நடந்தது.

வெளிப்புறமாகத் திறக்கும் சரக்குக் கதவுகள் வேறு வகை. 1974 மார்ச் 3 அன்று பாரிஸ் அருகே ஒரு டிசி-10 விமானத்தின் சரக்குக் கதவு, தாழ் முழுவதும் விழாமலே மூடியதுபோல் தோன்றி, பறக்கும்போது பிய்ந்தது. கீழறையின் அழுத்தம் வெளியேறியதால் பயணிகள் தளம் இடிந்து, அதனடியில் சென்ற கட்டுப்பாட்டுக் கம்பிகளைச் சேதப்படுத்தியது. 346 பேர் இறந்தனர். அதன் பிறகே, இரு அறைகளின் அழுத்தமும் விரைவில் சமனாகும்படி தளங்களில் காற்றுவழிகள் வைக்கப்பட்டன.

பயணிகளுக்குப் பாராசூட் ஏன் தருவதில்லை?

விபத்துகள் பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும் நடக்கின்றன. அப்போது குதிப்பதற்கு உயரமும் நேரமும் இருக்காது. பறக்கும் உயரத்திலோ, மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகமும் உறைகுளிரும் ஆக்ஸிஜன் குறைவும் பயிற்சியில்லாதவரை விட்டுவைக்காது. அந்த எடையை இருக்கைகளுக்கும் வெளியேறும் வழிகளுக்கும் செலவிடுவது மேல்.

தரையில் விபத்து நேர்ந்தால் எல்லோரும் வெளியேற முடியுமா?

வெளியேறும் கதவுகளில் பாதியை மட்டும் பயன்படுத்தி, இருட்டில், 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று புதிய விமான வகை காட்ட வேண்டும். 2006 மார்ச்சில் ஹாம்பர்க்கில் நடந்த சோதனையில் ஏ380 விமானத்திலிருந்து 873 பேர் 78 விநாடிகளில் வெளியேறினர். புவியீர்ப்பைப் போல் 16 மடங்கு விசையைத் தாங்கும் இருக்கைகள், தீ பரவுவதைத் தாமதிக்கும் மெத்தைகள், புகையிலும் வழிகாட்டும் தரை விளக்குகள் ஆகிய யாவும் 1980களில் வந்த விதிகளின் பயன்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில், தரையிறங்கும்போது கடலோரக் காவல் விமானத்தின்மேல் மோதித் தீப்பற்றிய ஏ350 விமானத்திலிருந்து 379 பேரும் உயிருடன் வெளியேறினர். காவல் விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர். தீயும் புகையும் சூழ்ந்திருந்ததால் எட்டுக் கதவுகளில் மூன்றை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. அனைவரும் வெளியேறி முடிக்க, தரையிறங்கியதிலிருந்து ஏறத்தாழ 18 நிமிடம் ஆனது. சோதனைக் கூடத்தின் 90 விநாடிக்கும் உண்மை நிலவரத்துக்கும் உள்ள இடைவெளி அதில் தெரிகிறது. பயணிகள் கைப்பைகளை விட்டுவிட்டு இறங்கியது அந்த நேரத்தை நீளாமல் காத்தது. சறுக்குப் பாதையில் ஒரு பெட்டி தடுக்கினால் பின்னால் வரும் அனைவரும் நிற்க வேண்டியிருக்கும்; அதன் விளிம்பு பட்டால் காற்றடைத்த பாதையே கிழியக்கூடும், கிழிந்த பாதைக்கு மாற்று அந்தக் கதவில் இல்லை.